காலையில் திறக்காத துப்பாக்கி

அன்றைக்கு பேக்டரிப் பட்டறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். எஸ்டேட் மேனேஜர். கோயமுத்தூர்க்காரர்தான், ஆனாலும் வெள்ளைக்காரன் போய் எத்தனையோ வருடம் ஆகியும் எங்களுக்கு மேனேஜர் என்றால் துரைதான். அடுத்து ஆபீஸ் ஹெட்கிளார்க், நாகர்கோவில் பக்கத்தவர். காவக்காரர். கொழுந்துக் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு வந்து நின்ற காவக்காரர் மனைவி. ஐந்தாவது நான். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, தேயிலை உருட்டும் ரோலர் மெஷின்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த பிட்டர்.

மேசைமேல் எஸ்டேட்டின் இரட்டைக்குழல் துப்பாக்கி கிடந்தது. இந்த வகைத் துப்பாக்கியை நடுவில் மடக்க வேண்டும். மேலே இருக்கும் லீவரைக் கட்டைவிரலால் தள்ளினால் குழல் இரண்டும் முன்பக்கம் தொங்கும், தோட்டாவைப் போட்டு மூடிவிடலாம். இரண்டு மாதமாக அது அப்படித் தொங்கவில்லை. முழங்காலில் வைத்து விறகு முறிப்பதுபோல அழுத்தினால்தான் திறந்தது. ஒரு விடியற்காலையில் காட்டுப்பன்றிகள் தேயிலை நாற்றங்காலில் இறங்கின. காவக்காரர் துப்பாக்கியோடு மல்லுக்கட்டித் திறந்து முடிப்பதற்குள் பாதி நாற்றைப் புரட்டிப்போட்டுவிட்டுப் போய்விட்டன.

"பாறையில கீழ போட்டிருப்பான் சார், வளைஞ்சு போச்சு" என்று ஹெட்கிளார்க் சொல்லிவிட்டார். துரை துப்பாக்கியைக் காரில் வைத்துக் கோயமுத்தூர் கடைக்குக் கொண்டுபோனார். அங்கே அது ஒற்றை விரலுக்குத் திறந்தது. "துப்பாக்கிக்கு ஒண்ணுமில்லீங்க, புடிக்கிற கையிலதான் கோளாறு" என்று கடைக்காரர் சிரித்துவிட்டுப் பதினைந்து ரூபாய் வாங்கிக்கொண்டார். மலையேறி வந்த மறுநாள் காலையில் மறுபடி அதே முரண்டு. திங்கட்கிழமையிலிருந்து காவலுக்கு வேறு ஆள், எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்று துரை முடிவு சொல்லிவிட்டார்.

அந்த வீடு என் வீட்டுக்கு அடுத்த சுவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் காவக்காரர் என் வாசலில் வந்து நின்றார். அவர் பேசியிருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பேன். நேராகப் பங்களாவுக்குப் போய், "ஒரு நாள் குடுங்க துரை, ரோலரைப் பாக்கற மாதிரி இதையும் பாத்துச் சொல்றனுங்க" என்று கேட்டுவிட்டேன். நான் அதுவரை துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை.

"லைசென்ஸ் என் பேர்ல இருக்கு. என் கண்ணு முன்னாலதான் தொடணும்" என்றார் துரை. அதனால்தான் சனிக்கிழமை காலையில், வெளியே புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்த நேரத்தில், அவர் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

காவக்காரரை விட்டு முதலில் முழங்காலில் மடக்கித் திறக்கச் சொன்னேன். குழல் இரண்டும் காலி. ஒருமுறை பார்த்தேன். விரலை விட்டுப் பார்த்தேன். வெளிச்சத்துக்குப் பிடித்து மறுபடி பார்த்தேன்.

"உள்ள என்ன, குருவி கூடு கட்டியிருக்கா?" என்றார் ஹெட்கிளார்க்.

"இருக்கட்டுங்க சார், எனக்குப் பயமுங்க" என்றேன்.

முதல் சந்தேகம் குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டை. மழையும் மஞ்சும் குடித்து மரம் உப்பினால் பிடிக்கும். மலைக்கு வந்த நாளிலிருந்து எத்தனை கதவைச் சீவியிருக்கிறேன். கட்டையைக் கழற்றிவிட்டு மடக்கினேன். அப்போதும் இறுக்கம். மரம் இல்லை.

இரண்டாவது, ஹெட்கிளார்க் சொன்ன வளைவு. பேரிங் சரியாக உட்காராவிட்டால் நாங்கள் செய்கிற வேலையையே செய்தேன். மண்ணெண்ணெய் விளக்கின் புகைக்கரியைத் துப்பாக்கி மடங்குகிற கீலில் பிடித்துவிட்டு, நான்கு தடவை மூடித் திறந்தேன். வளைந்திருந்தால் ஓரிடத்தில் மட்டும் கரி உரசிப் பளபளக்கும். இங்கே கரி எல்லா இடத்திலும் ஒரே சீராகக் கலைந்திருந்தது.

"வளையலீங்க துரை. கீழ போட்டதில்லீங்க" என்றேன். காவக்காரர் மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

விரல் மரத்துப்போனதால் தேயிலையை உலர்த்தும் டிரையர் ஓடுகிற அறைக்கு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனோம். அங்கே அடுப்புச் சூடு உடம்புக்கு இதமாக இருந்தது. அரைமணி நேரம் கழித்து லீவரைத் தள்ளினேன். குழல் தானாகத் தொங்கியது.

"பாத்தியளா சார், கரியப் பூசினதும் சரியாயிட்டு. நம்ம பிட்டர் மந்திரவாதியாக்கும்" என்று ஹெட்கிளார்க் கையைத் தட்டினார்.

துரை எழுந்துவிட்டார். "கோயமுத்தூர்லயும் இப்படித்தான் திறந்துச்சு. அப்ப துப்பாக்கியில ஒண்ணுமில்லை. திங்கட்கிழமை நான் சொன்னதுதான்."

வேறு ஆளாக இருந்தால் விட்டிருப்பான். எனக்கோ பூட்டிய கதவை இரண்டு தடவை இழுத்துப் பார்க்காமல் தெருவில் இறங்க முடியாது. நான் ஒன்றுமே செய்யாமல் ஒரு சாமான் எப்படிச் சரியாகும்? கோயமுத்தூரில் திறந்தது. டிரையர் பக்கத்தில் திறந்தது. இரண்டு இடத்துக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? என் முதுகில் வழிந்த வியர்வைதான் பதில் சொன்னது: சூடு.

"இன்னொரு அரைமணி நேரம் துரை" என்று கெஞ்சித் துப்பாக்கியை வெளியே நிழல் பக்கத்துத் திட்டில் வைத்தேன். பிறகு துரையே மடக்கிப் பார்த்தார். முகம் சிவந்ததே தவிர குழல் அசையவில்லை.

"எண்ணெய் போடுறீங்களா அண்ணா?" என்று காவக்காரரிடம் கேட்டேன்.

"தாராளமாப் போடறனே. ஸ்டோர்ல குடுத்த டின்னுதான். காத்தால அதுல இருந்து எறங்காது. அடுப்போரம் வெச்சா எளகி வரும், அப்பறம் வுடுவேன்."

"தலைக்கு வெக்கற எண்ணெயும் அப்படித்தானுங்களே இருக்குது, இதுல என்ன அதிசயம்?" என்றாள் அவர் மனைவி.

அவள் சொன்னது சரிதான். எங்கள் மலையில் எண்ணெயைச் சூடு காட்டாமல் ஊற்றுகிற வீடு கிடையாது. அதனால்தான் அது யாருக்கும் உறைக்கவில்லை. ஆனால் ரோலருக்கு நான் தினமும் விடுகிற மெஷின் எண்ணெய் எந்தப் பனியிலும் கட்டியானதில்லை. துப்பாக்கி எண்ணெய் மட்டும் ஏன் ஆகிறது?

டின்னைக் கொண்டுவரச் சொல்லி உளியால் மேல்தகட்டை வெட்டினேன். உள்ளே வெள்ளை வெளேரென்று மெழுகு மாதிரி உறைந்திருந்தது. மோந்து பார்க்கவே வேண்டியதில்லை. தேங்காய் எண்ணெய்.

எல்லோரும் ஹெட்கிளார்க்கைப் பார்த்தோம். ஸ்டோர் சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது.

"எண்ணெ தீந்துபோச்சு சார். கேட்டு எழுதினா வர ரெண்டு மாசம் ஆவும். எங்க ஊர்ல பூட்டுக்கும் சைக்கிளுக்கும் இதத்தான் விடுவோம். வீட்டுல ஆட்டுன சுத்தமான எண்ணெ சார்..." என்றார்.

"துப்பாக்கிக்கு முடி வளரட்டும்னு வுட்டீங்களாட்ட இருக்குது" என்றாள் காவக்காரர் மனைவி. துரை சிரித்ததை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.

மண்ணெண்ணெயில் கீலை மூன்று தடவை கழுவினேன். தேயிலைத் தூசியோடு கலந்து கறுத்த வெண்ணெயாக வந்தது. துடைத்து, மெஷின் எண்ணெய் இரண்டே சொட்டு விட்டேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு, தண்ணீர்த் தொட்டியில் பனிக்கட்டி ஏடு கட்டியிருந்த குளிரில், துரை ஸ்வெட்டரோடு வந்து இரண்டு விரலால் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். பிறகு காவக்காரரிடமே நீட்டி, "போய் வேலையைப் பாரு" என்றார். ஹெட்கிளார்க்கைப் பார்த்து, "கோயமுத்தூர்க்காரனுக்குக் குடுத்த அதே கூலியை இவனுக்கும் குடுங்க" என்றார்.

கோயமுத்தூர்க் கடைக்காரருக்குச் சமமாக என்னையும் வைத்துச் சொன்ன அந்த வார்த்தையைச் சாகும்வரை மறக்க மாட்டேன்.

திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனேன். ஹெட்கிளார்க் வவுச்சர் புத்தகத்தைத் திறந்து தேதி போட்டார். 'செய்த வேலை' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

"என்னன்னு எழுத?"

"நடந்ததை எழுதுங்க சார்."

புத்தகத்தை மூடிவிட்டு, "அப்புறம் பாப்போம்" என்றார். நானும் அதற்குப் பிறகு போய் நிற்கவில்லை.

காவக்காரர் வயதாகி வேலையை விடும்வரை அந்த வீட்டிலேயே இருந்தார். விடியற்காலையில் துப்பாக்கியை ஆபீசில் ஒப்படைக்கப் போகும்போது, என் வாசலில் நின்று, காலிக் குழலை ஒருமுறை திறந்து மூடிவிட்டுத்தான் போவார். படுக்கையில் கிடந்தபடியே அந்தச் சத்தத்தைக் கேட்பேன். அன்றைக்கு என்னென்ன கவலை காத்திருந்தாலும், எழுந்து உட்காரும்போது நெஞ்சு நிமிர்ந்துதான் இருக்கும்.

ஹெட்கிளார்க் ரிட்டயராகி ஊர் போய்ச் சேர்ந்தார். அந்த வவுச்சர் எழுதப்படவே இல்லை. எஸ்டேட் எனக்குத் தர வேண்டிய பாக்கி, பதினைந்து ரூபாய்.