நுரைக்கும் எடைக்கல்

எங்கள் வீட்டு எடைக்கல்லைத் தண்ணீரில் போட்டால் நுரைக்கும். பி.காம். முதல் வருடம் படிக்கும்போது விடுதித் தோழிகளிடம் இதைச் சொன்னேன். மலையிலிருந்து வந்தவள் கதை விடுகிறாள் என்று சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். நடந்ததே சிரிப்பான விஷயம்தான்.

ஏற்காட்டில் வாழவந்திப் பக்கம் எங்கள் ஊர். சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக்கொடியும் அதன் நிழலில் கொஞ்சம் காப்பிச்செடியும் எங்களுக்குச் சொந்தம். அப்பா எஸ்டேட் வேலைக்குப் போய்விடுவார். மிளகு வியாபாரம் முழுவதும் அம்மாவுடையது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா தராசை எடுத்துக்கொள்வாள், அம்மாவின் தம்பியான என் மாமா மிளகுப் பையைத் தோளில் போட்டுக்கொள்வார், நான் வெறுங்கையோடு முன்னால் ஓடிப் போய் பஸ்ஸில் இடம் பிடிப்பேன். ஒண்டிக்கடை முக்கில் ஒரு மெஸ்ஸின் முன்னால், அதன் தகரக் கூரைக்குக் கீழே சாக்கை விரித்தால் அதுதான் எங்கள் கடை.

தராசுக்கு ஒரு கிலோ, அரைக் கிலோ கற்கள் இருந்தன. கால் கிலோ நிறுக்க வேண்டிய சின்னக் கற்கள், இருநூறு கிராமும் ஐம்பது கிராமும், இரண்டும் இல்லை. கொய்யா மரத்தில் ஏறிய குரங்கைத் துரத்துவதற்காக மாமா கைக்குக் கிடைத்ததை எடுத்து வீசினார். முதல் கல் தவறியது. கோபத்தில் இரண்டாவதையும் வீசினார். கீழே பள்ளம். குரங்கு மறுநாளும் வந்தது, கற்கள்தான் வரவில்லை.

டூரிஸ்டுகள் பெரும்பாலும் கேட்பது கால் கிலோதான். அம்மா யோசித்தாள். துணி துவைக்கும் சோப்பு ஒன்று எங்கள் பக்கத்துக் கடைகளில் விற்றது. அதற்குக் கம்பெனி வைத்த பெயர் என்னவோ, எங்கள் ஊரில் அதன் பெயர் கால்கிலோ சோப்பு. “ஒரு கால்கிலோ சோப்புக் குடுங்க” என்றால் கடைக்காரர் வேறு எதையும் எடுக்க மாட்டார். அம்மா அதைப் பிரிக்காமல் தராசுத் தட்டில் வைத்தாள். அன்றிலிருந்து அதுதான் எங்கள் எடைக்கல்.

அதற்கென்று ஒரு முறையும் வந்துவிட்டது. மாதச் சாமான் வாங்கும்போது புதுச் சோப்பு தராசுக்குப் போகும், தராசில் இருந்த சோப்பு துவைக்கிற கல்லுக்குப் போகும். வேலை பார்த்து ஓய்வு பெறுவது போல. ஊரில் மற்றவர்களின் எடைக்கல் துருப்பிடித்துக் கிடக்க, எங்களுடையது மாதாமாதம் பளபளவென்று புதிதாக வந்து உட்காரும். டூரிஸ்டுகள் அதைப் போட்டோ எடுப்பார்கள். சுத்தத்தைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள் என்று அம்மாவுக்கு எண்ணம். முந்தானையால் ஒரு துடை துடைத்துவிட்டு எடுக்கச் சொல்வாள்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. எங்கள் வீட்டில் எழுத்து தெரிந்த முதல் ஆள். மாமாவுக்கு பஸ்ஸின் பெயர்ப்பலகை தெரியாது, டிரைவரின் மீசையை வைத்துத்தான் எந்த பஸ் என்று சொல்வார். ஆகவே கண்ணில் பட்டதையெல்லாம் சத்தமாகப் படிப்பது என் வேலை. சோப்பு உறையையும் படிப்பேன். ‘புதியது’, ‘கூடுதல் நுரை’, ‘கறைக்கு எதிரி’. மாதம் போகப்போக அந்த எழுத்துகள் பெருத்துக்கொண்டே வந்தன. சோப்பின் அடியில் ஒரு பள்ளமும் வந்தது. கைக்கு வாகாக இருக்கட்டும் என்று கம்பெனிக்காரன் செய்திருக்கிறான் என்று அம்மா அவனை மெச்சிக்கொண்டாள்.

மெஸ்ஸை நடத்தியவர் சேலத்துக்காரர். எல்லோருக்கும் மெஸ்ஸக்கா. கூரைக்குக் கீழே உட்கார அவர் எங்களிடம் எதுவும் வாங்கியதில்லை. அதோடு, பொங்கல் சாப்பிட்டவர்கள் மிளகு நன்றாக இருக்கிறதே என்று கேட்டால், கையில் இருக்கும் கரண்டியாலேயே அம்மாவைக் காட்டுவார். எங்கள் வியாபாரத்தில் பாதி அந்தக் கரண்டியால் நடந்தது. மாதம் ஒருமுறை தன் தேவைக்கும் அம்மாவிடம் கால் கிலோ வாங்கி ஒரு எவர்சில்வர் டப்பாவில் கொட்டிக்கொள்வார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பனி இன்னும் விலகவில்லை. மெஸ்ஸக்கா மிளகை வாங்கிக் கொட்டிவிட்டு, டப்பாவோடு திரும்பி வந்தார்.

“ஏனுங் அம்மிணி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“கேளுங்கக்கா.”

“இந்த டப்பாவ முந்தியெல்லாம் அமுக்கி அமுக்கி மூடுவனுங்க. இப்பப் பாருங்க.” மிளகுக்கும் விளிம்புக்கும் நடுவே இரண்டு விரலைப் படுக்கவைத்துக் காட்டினார்.

“இந்த வருசம் மொளகு மணி பெருசு, பெருவட்டுங்க” என்றாள் அம்மா.

“பெருவட்டுன்னா டப்பா இன்னுஞ் சீக்கிரமில்ல ரொம்போணும்?”

“நல்லாக் காஞ்சிருக்குதுங்க.”

“காஞ்சா கனம் கம்மி. அதே எடைக்கு இன்னும் நெறையத்தான வரோணும்?”

கேட்ட பிறகு மெஸ்ஸக்காவுக்கே சங்கடமாகிவிட்டது. “நான் உங்களச் சொல்லலைங்க அம்மிணி. டப்பா சொல்லுது.”

அதுதான் அம்மாவுக்குச் சுருக்கென்று தைத்தது. அம்மா எடை போட்ட பிறகு ஒரு சிட்டிகை கொசுறு போடாமல் யாரையும் அனுப்பியதில்லை. எழுந்து நின்றாள்.

“மொளகத் திருடற கை எங்க மலையில இருந்தாலும் இருக்குங்க. எடையில திருடற கை கெடையாது. வாங்க, மளிகைக்கடை எடைமிசின்லயே போட்டுப் பாக்கலாம். கொறைஞ்சுதுன்னா இனிமே உங்க கூரைக்கடியில உக்கார மாட்டனுங்க.”

மாமா, “அக்கா, அவ்வளவு தூரம் எதுக்குங்க” என்று இழுத்தார். அவருக்கு வேறு கவலை. அந்தக் கூரை இல்லாவிட்டால் பனியிலும் மழையிலும் எங்கே போய் உட்காருவது என்று. அதற்குள் அம்மா சோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்து மளிகைக்கடைப் படியில் ஏறிவிட்டாள்.

கடைக்காரர் சோப்பைப் பார்த்தார். “திருப்பிக் குடுக்க வந்தீங்களா? பிரிக்கலைன்னா எடுத்துக்கறனுங்க.”

“எடை போடுங்கண்ணா” என்றாள் அம்மா.

மிசினில் சிவப்பு எண்கள் ஓடி நின்றன. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தசமப் புள்ளியை அந்தப் பருவத்தில்தான் டீச்சர் நடத்தியிருந்தார். நான் நிமிர்ந்து நின்று, வகுப்பில் ஒப்பிக்கிற குரலில் சொன்னேன்: “இருநூத்தி அஞ்சு கிராம்.”

“கால் கிலோன்னா எத்தன கண்ணு?” அம்மா கேட்டாள்.

“இருநூத்தி அம்பது.”

“மிசினுக்குள்ள பனி பூந்திருக்கும்” என்றார் மாமா. கடைக்காரர் தன் இரும்புக் கிலோக்கல்லை எடுத்து மிசினில் வைத்தார். ஒன்று, புள்ளி, மூன்று சைபர். அதையும் படித்தேன்.

“மிசின் சரியாத்தானுங்க இருக்குது. சோப்புத்தான் எளைச்சுப் போச்சு” என்றார் கடைக்காரர். “வெலைய ஏத்துனா நீங்க எங்கூட சண்டைக்கு வருவீங்க. அதான் கம்பெனிக்காரன் சோப்ப எறக்கிட்டான். பிஸ்கட்டு, டீத்தூளு, எண்ணெ எல்லாம் அப்படித்தானுங்க. எங்ககிட்டயே ஒரு வார்த்தை சொல்றதில்ல.”

நான் சோப்பைப் புரட்டினேன். இத்தனை மாதம் நான் படித்துக் காட்டிய பெரிய எழுத்துகளுக்குப் பின்னால், உறை ஒட்டும் மடிப்புக்குள் எறும்பு மாதிரி ஒரு வரி இருந்தது. நிகர எடை 200 கிராம். மீதி ஐந்து, உறையின் கனம். போன மாதம் எவ்வளவு, அதற்கு முந்தின மாதம் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் மிச்சமில்லை. எங்கள் பழைய எடைக்கற்கள் எல்லாம் நுரையாகி, பாவாடையிலும் சட்டையிலும் அழுக்கைப் போக்கிவிட்டு ஓடையில் போயிருந்தன.

அம்மா படியிறங்கி வந்து தராசை மடக்கினாள். பையின் வாயைச் சுருட்டிக் கட்டினாள். மெஸ்ஸக்கா, “என்னுங் அம்மிணி, நீங்களா கொறைச்சீங்க? விடுங்க” என்று கையைப் பிடிக்க, “சொன்ன சொல்லு சொன்னதுதானுங்க” என்று சாக்கின் நுனியை இழுத்தாள்.

மாமா தலையைச் சொறிந்தார். “அப்ப இத்தன நாளா நாமளும் அந்தக் கம்பெனிக்காரனும் ஒரே யேவாரந்தான் பண்ணியிருக்கறோம். அவனுக்குக் காருங்க. நமக்கு பஸ்ஸுங்க.”

மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. சாக்கில் பாதி கூரையை விட்டு வெளியே வந்துவிட்டது. அந்தப் பாதியின் மேல் பனி சொட்டியது. அம்மா தலை குனிந்து நின்று அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது. எதையாவது சொல்லி அம்மாவை ஜெயிக்கவைக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே அளவு அப்போது ஞாபகத்துக்கு வந்தது.

“மெஸ்ஸக்கா இட்லிகூடத்தான் சின்னதாயிருச்சு. முந்தி ஒரு இட்லி வெச்சா என் உள்ளங்கையே தெரியாது. இப்ப ரேகையெல்லாம் தெரியுது.”

மெஸ்ஸுக்குள் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் இலையைக் குனிந்து பார்த்தார்கள். மெஸ்ஸக்கா கரண்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

“உங்கை வளந்திருச்சு கண்ணு” என்றார்.

மாமா தன் கையை விரித்து முன்னும் பின்னும் பார்த்தார். “என்ற கை வளரலைங்களே அக்கா.”

ஜீப் ஓட்டுகிற ஒருவர் உள்ளேயிருந்து, “புள்ள நெசத்தத்தானுங்க சொல்லுது. நானும் என்னடா ரெண்டு மடங்கு பசிக்குதுன்னு டாக்டரப் பாக்கலாம்னு இருந்தேன்” என்றார்.

மெஸ்ஸக்காவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பெஞ்சு முழுவதும் சிரித்தது. கடைசியில், அடக்கி அடக்கிப் பார்த்து, அம்மாவும் சிரித்துவிட்டாள். மெஸ்ஸக்கா குனிந்து சாக்கின் மறுநுனியைப் பிடித்து விருட்டென்று கூரைக்குள் இழுத்தார். “உக்காருங் அம்மிணி. உளுந்து விக்கிற வெலைக்கு இட்லித்தட்டச் சின்னதா மாத்திப் போட்டனுங்க. வெலைய ஏத்துனா எஸ்டேட்டு ஆளுங்க காலையில டீயோட எந்திரிச்சுருவாங்க. நீங்க எந்திரிச்சுப் போனா, நானும் அடுப்ப அணைச்சுப்போட்டுச் சேலத்துக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.”

அம்மா உட்கார்ந்தாள். டப்பாவை வாங்கி, மிளகை இரண்டு கையாலும் அள்ளி, மூடி மூட முடியாத அளவுக்குக் கொட்டினாள். மெஸ்ஸக்கா அமுக்கி அமுக்கி மூடினார்.

அன்று சாயங்காலமே சின்ன இரும்புக் கற்கள் இரண்டு வாங்கினோம். மாமாவை அவற்றின் மேல் சத்தியம் செய்யவைத்தாள் அம்மா, குரங்கே வந்து கையை நீட்டிக் கேட்டாலும் கொடுக்கமாட்டேன் என்று. சோப்பு நேராகத் துவைக்கிற கல்லுக்குப் போனது. அதன் பிறகு வீட்டுக்கு வரும் எந்தப் பொட்டலத்தையும் அம்மா முதலில் என்னிடம்தான் நீட்டுவாள். நானும் பெரிய எழுத்துகளை விட்டுவிட்டு மடிப்புக்குள் தேடக் கற்றுக்கொண்டேன்.

மெஸ்ஸிலும் ஒரு மாற்றம் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் வழக்கம்போல இரண்டு இட்லி கேட்டேன். இலையில் மூன்று விழுந்தது. “ரெண்டுதானக்கா கேட்டேன்” என்றேன். “பேசாமச் சாப்பிடு சாமி” என்று சொல்லிவிட்டு மெஸ்ஸக்கா நகர்ந்தார். அடுத்த வாரமும் மூன்று. ஆறாம் வகுப்புக்குப் போன பிறகும் மூன்று.

எனக்குச் சந்தேகமே இல்லை. மிசினில் ஓடிய எண்ணைத் தயங்காமல் படித்தேன் அல்லவா, அதற்குப் பரிசு. பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். மாமா வாராவாரம் அந்த மூன்றாவது இட்லியைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் பாதி பிய்த்துக் கொடுக்கலாமா என்று தோன்றியது. வேண்டாம், படிப்பின் அருமை அவருக்கும் தெரியட்டும் என்று முடிவு செய்தேன்.

“நீயும் என்னையாட்டப் படிச்சிருந்தா உனக்கும் போட்டிருப்பாங்க மாமா” என்றேன், வாய் நிறைய இட்லியோடு.

மாமா என்னைப் பார்க்கவில்லை. மெஸ்ஸக்காவைப் பார்த்து, மிகவும் பணிவாக, “ஆமாங்க. படிச்ச வாய்க்குத்தானுங்க இட்லி” என்றார். மெஸ்ஸக்கா சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இட்லிக் குண்டான் பக்கம் திரும்பினார். தோள் இரண்டும் குலுங்கின. பாவம், ஆவி முகத்தில் அடித்துவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டு, நான் மூன்றாவது இட்லியைச் சட்னியில் தோய்த்தேன்.