திட்டுவதற்கு ஓர் ஆள்

காலை ஆறரைக்கு ஒலக்கூரில் டவுன் பஸ் ஏறினோம். அம்மாவுக்கு இலவசம், எனக்குப் பத்து ரூபாய். அம்மாவின் வலது கால் விரலில் இரண்டு மாதமாக ஆறாத சர்க்கரைப் புண். விரலை எடுக்க வேண்டுமா என்று விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரியில் இன்று சொல்வார்கள். மஞ்சள் பையில் காப்பீட்டு அட்டை இருந்தது. அப்பா பக்கவாதம் வந்து கழனியில் விழுந்தபோது செலவு முழுவதையும் ஏற்றது அதுதான். அப்பாதான் திரும்பவில்லை.

"கார்டு இருக்குதுடா, இன்னா பயம்?" என்றாள் அம்மா.

திண்டிவனத்தில் டீ குடித்துவிட்டு விழுப்புரம் பஸ் பிடித்தோம். முப்பத்தெட்டு கிலோமீட்டர். பக்கத்து சீட்டில் இருந்த கோட்டக்குப்பத்துக்காரர் ஒருவர் அம்மாவின் கார்டுப் பேச்சைக் கேட்டுச் சேர்ந்துகொண்டார்.

"என் பையன் துபாய்ல கீறான். இன்சூரன்ஸ் இல்லாம விசாவே இல்ல. ஆனா பல்லு வலின்னா இங்க வந்துதான் காட்டுறான், பேஜாரு!"

அம்மா விடவில்லை. "எங்க ஊர்ல கவுருமெண்டு திட்டத்துல ஒரு பொண்ணு மாசாமாசம் வூட்டுக்கே வந்து விரல்ல குத்திச் சர்க்கரை பாத்து மாத்திரை குடுக்குதுங்க."

"குடுக்குறது சரி. நீங்க முழுங்குறீங்களாம்மா?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் காலையிலேயே ரத்தம் எடுத்தார்கள். மதியம் முடிவைப் பார்த்த டாக்டரம்மா புருவத்தைச் சுருக்கினார். "வீட்ல பாத்து நோட்டுல எழுதினதெல்லாம் சரியா இருக்கே. மூணு மாசக் கணக்குல சர்க்கரை எப்படிம்மா இவ்ளோ ஏறிச்சு?"

அம்மா வெட்கத்தோடு சிரித்தாள். "அந்தப் பொண்ணு வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே சோத்த நிறுத்திடுவோம்ங்க. கேப்பைக் கூழுதான். மாத்திரையும் அப்பத்தான். எங்க தெருவே அப்படித்தான். இல்லாட்டி அது திட்டும்ங்க."

"மெஷினை ஏமாத்திட்டீங்க. காலை ஏமாத்த முடியலியே!"

விரலை இப்போது எடுக்க வேண்டாம், மாத்திரையைத் தவறாமல் போட்டால் புண் ஆற வாய்ப்பிருக்கிறது என்றார். அட்டையை யாரும் கேட்கவில்லை. அம்மாவுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். விழுந்த பிறகு தூக்கிவிடும் திட்டம், விழாமல் பார்த்துக்கொள்ளும் திட்டம் என்று இரண்டையும் ஒப்பிட்டுக் கல்லூரியில் கட்டுரைகூட எழுதியிருக்கிறேன். அப்பா கையில் பிரஷர் பார்க்கும் பட்டையை ஒருமுறைகூட யாரும் சுற்றியதில்லை என்பது திரும்பும் பஸ்ஸில்தான் உறைத்தது. அப்போது அந்தப் பெண் எங்கள் தெருவுக்கு வரத் தொடங்கவில்லை.

திண்டிவனம் பஸ் நிலையத்தில் இட்லி வாங்கினேன். நாளை மறுநாள் அந்தப் பெண் வரும் நாள். அம்மா தொடமாட்டாள் என்று நினைத்தேன். பொட்டலத்தைப் பிரித்து நிதானமாகச் சாப்பிட்டாள்.

"உங்கப்பா இருந்தா, மல்லாட்டைக் கடலைய மென்னுக்கினே அந்தப் பொண்ணுகிட்ட கூழுதான் குடிச்சேன்னு சொல்லியிருப்பாரு இல்ல?"

இருவரும் சிரித்தோம். அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்தத் தடவ உள்ளத அப்படியே காட்டப் போறேன். திட்டினா திட்டட்டும். அவரைத் திட்டத்தான் யாரும் வரலியேடா."