சுத்தமான பதிவேடு

ஒரு கடைவாய்ப்பல்லுக்கும் நாட்டின் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால், எனக்கு இன்றுவரை தெரியாது என்றுதான் சொல்வேன். ஆனால் யுத்த காலத்தில் கற்பிட்டி வீதியில் பல் வைத்தியம் பார்த்தவள் நான். சம்பந்தம் உண்டு என்று கொழும்பில் யாரோ முடிவு செய்திருந்தார்கள். பல் பிடுங்கும் முன் ஈறில் போடுகிற விறைப்பு ஊசி மருந்து இந்தக் கரையிலிருந்து வள்ளம் ஏறி வடக்கே சண்டை பிடிக்கிறவர்களிடம் போய்விடும் என்று அவர்களுக்குப் பயம். போயிருக்கவும் கூடும், நான் மறுக்கவில்லை. அந்தப் பயத்தை அனுபவித்தது என் கதிரையில் வந்து உட்கார்ந்தவர்கள்தான்.

என் வைத்தியசாலை என்பது பசளைக் கடைக்கும் சலூனுக்கும் இடையில் இருந்த இரண்டு அறை. முன்னறையில் வருகிறவர்கள் உட்கார ஒரு வாங்கு, பின்னறையில் கதிரையும் நானும். நுரைச்சோலையில் வெங்காயம் செய்கிறவர்கள் வருவார்கள். உச்சமுனையிலிருந்து வள்ளத்தில் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, கன்னத்தைப் பொத்திக்கொண்டு மீன்பிடிக்காரர் வருவார்கள். தலவில தேவாலயத் திருவிழா நாட்களில் யாத்திரை வந்தவர்களுக்கும் பார்த்துப் பல்லுவலி வரும். நானும் இந்தக் கரையில் மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவள்தான். எங்கள் சனத்துக்குக் கொழும்பு போகாமல் பல் பார்க்க ஓர் இடம் வேண்டும் என்று வைராக்கியத்தோடு திறந்த இடம் அது.

விதி இப்படி. ஊசி போடுகிற ஒவ்வொருவரின் பெயரும் விலாசமும் அடையாள அட்டை இலக்கமும் பதிவேட்டில் இருக்கவேண்டும். எந்தப் பல், எத்தனை குழாய் மருந்து என்றும் எழுதவேண்டும். மருந்து தீர்ந்த சின்னக் கண்ணாடிக் குழாய்களை எறியக்கூடாது. பிஸ்கட் டின்னில் சேர்த்து, மாத முடிவில் பதிவேட்டோடு பொலிசுக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே சார்ஜன் ஒருவர் பழைய பேப்பரை விரித்து, குழாய்களைக் கொட்டி ஒவ்வொன்றாக நகர்த்துவார். அவருக்கே இரண்டு சொத்தைப் பல் இருந்தது. கன்னத்தைத் தடவியபடிதான் வேலை பார்ப்பார், என்னிடம் காட்டச் சொன்னால் சிரித்து மழுப்புவார். அவருடைய கையெழுத்தை எடுத்துக்கொண்டு மாவட்ட நிர்வாகம் நடக்கிற கச்சேரிக்குப் போகவேண்டும், கச்சேரி முத்திரையை எடுத்துக்கொண்டு கொழும்பில் உள்ள சுகாதாரக் கந்தோருக்கு. அதன் பிறகுதான் அடுத்த மாத மருந்து. ஒரு குழாய் உடைந்துவிட்டால் அது எப்படி உடைந்தது என்று வாக்குமூலம் எழுதவேண்டும். பல் பார்த்த நேரத்தைவிடப் பேனா பிடித்த நேரம் அதிகம்.

அட்டை இல்லாதவர்களுக்கு ஊசி இல்லை. யுத்தத்தால் ஊர் விட்டு வந்தவர்கள் நிறைந்திருந்த ஒரு கரையில் இந்த விதியைப் போட்டவன் வாய்க்குள் நான் குறடு வைக்க ஆசைப்பட்டிருக்கிறேன். இப்போதும் அந்த ஆசை போகவில்லை.

பக்கத்து ஊரில் பல் பார்த்த வயதான டொக்டர் ஒருவர் இதற்கு லேசான வழி கண்டுபிடித்திருந்தார். அட்டை இல்லாமல் யார் வந்தாலும் தன் மாமியாரின் அட்டை இலக்கத்தை எழுதிவிடுவார். அவருடைய பதிவேட்டின்படி அந்த மாமியாருக்கு வாயில் நூறு பல்லாவது இருந்திருக்கவேண்டும். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். ஆனால் உள்ளுக்குள் எனக்கு அவர்மேல் இளக்காரம். விதியோடு சண்டை பிடிக்கிறவள் கை சுத்தமாக இருக்கவேண்டும் என்பது என் கொள்கை. என் பதிவேட்டில் ஒரு பொய் கிடையாது என்பதில் எனக்குப் பெரிய திமிர் இருந்தது.

இந்தக் கரையில் பல் பார்த்த ஐந்து பேர் சேர்ந்து கொழும்புக்கு ஒரு பெட்டிசம் அனுப்பத் தீர்மானித்தோம். அட்டை இலக்கம் கேட்பதை நிறுத்தவேண்டும், வெற்றுக் குழாய்களோடு எங்களை அலைக்கழிக்கக்கூடாது, மூன்று கந்தோர் கையெழுத்தை ஒன்றாகக் குறைக்கவேண்டும். எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. விழவில்லை, நான்தான் பிடுங்கி எடுத்துக்கொண்டேன்.

பெட்டிசம் பாதி எழுதி மேசை லாச்சிக்குள் கிடந்த நாட்களில்தான் அந்தப் பெண் வந்தார்.

மன்னார்ப் பக்கத்திலிருந்து சில மணி நேரத்துக்குள் வீடு வாசலை விட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பம். வீதிக்கு மேற்கே தென்னந்தோப்புக்குள் இருந்த அகதி முகாமில் ஓலைக் கொட்டிலில் இருந்தார்கள். ஐம்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். புருஷன் கடலுக்குப் போகிறவர். கீழ்க்கடைவாய்ப்பல் ஒன்று வேர்வரை அழுகிப்போயிருந்தது. நித்திரை இல்லாமல் கண் சிவந்திருந்தது. அட்டை இருக்கிறதா என்று கேட்டேன். வெளிக்கிட்ட அவசரத்தில் அலுமாரிக்குள்ளேயே விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். புது அட்டைக்குப் பிறப்புச் சான்று வேண்டும், அது இருக்கிற கந்தோர் போக முடியாத இடத்தில் இருக்கிறது. முகாமில் கொடுத்த நிவாரண அட்டையை முந்தானைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினார். அதை விதி ஏற்காது. புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அட்டை இல்லாமல் சோதனைச் சாவடியை எப்படித் தாண்டுவது?

மருந்து என் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. பதிவேட்டில் என் சொந்த அட்டை இலக்கத்தை எழுதியிருக்கலாம். சார்ஜன் அதைப் பார்க்கவே மாட்டார், அவருக்குக் குழாய்கள்தான் முக்கியம். பக்கத்து ஊர் டொக்டரின் மாமியாருக்கு இன்னொரு பல் முளைத்திருந்தால் யாருக்கு என்ன நட்டம்? இதெல்லாம் அந்த நிமிடமே எனக்குத் தோன்றியது. தோன்றவில்லை என்று சொன்னால் பொய்.

கூடவே இன்னொன்றும் தோன்றியது. என் பெட்டிசத்தில் நியாயம் இருந்தது, சட்டம் இருந்தது, ஆனால் படிக்கிறவனைச் சுடுகிற மாதிரி ஒரு சம்பவம் இல்லை. அந்தச் சம்பவம் இப்போது என் கதிரையில் உட்கார்ந்திருந்தது. இதை நான் பல வருடங்கள் எனக்கே சொல்லிக்கொள்ளாமல் இருந்தேன்.

ஊசி போட எனக்கு அனுமதி இல்லை, போடாமல் பிடுங்கினால் தாங்கமாட்டீர்கள் என்று சொன்னேன். அவர் வாங்கில் இருந்தவர்களை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் கதிரையில் சாய்ந்துகொண்டார்.

“புடுங்குங்க மகள்” என்றார்.

பிடுங்கினேன். வேர் இரண்டும் வளைந்திருந்ததால் சுணங்கி, அதிக நேரம் எடுத்தது. முடிந்ததும் பஞ்சைக் கடிக்கக் கொடுத்துவிட்டு, பதிவேட்டை எடுத்து என் அழகான உருண்டை எழுத்தில் எல்லாம் எழுதினேன். பெயர், முகாம், கொட்டில் இலக்கம், புருஷன் என்ன தொழில், எந்தத் துறையிலிருந்து கடலுக்குப் போகிறார். இவ்வளவும் விதி கேட்கவில்லை. அட்டை இலக்கத்துக்கான கட்டத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டேன். குறிப்பில், ‘அட்டை இல்லாததால் ஊசி போடப்படவில்லை’ என்று எழுதினேன்.

அந்தப் பெண்ணின் கதையையும் சேர்த்துப் பெட்டிசத்தை அனுப்பினோம். கொழும்பில் எங்களைக் கூப்பிட்டது ஒரு நீளமான அறைக்கு. மேசையின் தலைமாட்டில் இருந்த அதிகாரி மரியாதையான மனுசன், தேத்தண்ணி எல்லாம் கொடுத்தார். பெட்டிசத்தை வாசித்து முடித்துவிட்டு, இந்தப் பெண்ணின் விஷயம் உண்மையா, இல்லை வாதத்துக்காக எழுதியதா என்று சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார். மற்ற நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. பையிலிருந்து பதிவேட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, அவருக்கு முன்னால் போட்டேன். வைக்கவில்லை, போட்டேன். அவர் விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாக வாசித்தார். பிறகு கிளாக்கரைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தைப் போட்டோப் பிரதி எடுத்துவரச் சொன்னார். நான் அதை வெற்றி என்று நினைத்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில், உங்கட பதிவேடுதான் எங்களுக்கு மானத்தைத் தந்தது என்று அந்த மாமியார் டொக்டர் சொன்னார். சிலாபம் தாண்டும்வரை எனக்கு அந்தச் சந்தோசம் குறையவில்லை.

சில மாதங்களில் கொழும்பிலிருந்து புது விதியோடு சுற்றுநிருபம் வந்தது. அட்டை இலக்கம் தேவையில்லை. வெற்றுக் குழாய் கொண்டுவரத் தேவையில்லை. ஒரு கையெழுத்து போதும். நாங்கள் கேட்டது எல்லாம் அப்படியே. அதை முன்னறைச் சுவரில் ஒட்டினேன். வருகிறவர்களுக்கு வாசித்தும் காட்டினேன், வெட்கம் கெட்டுப்போய்.

அந்தப் பெண் இரண்டாவது தடவை வந்தபோது, பல் காட்ட வந்திருக்கிறார் என்று நினைத்துக் கதிரையைக் காட்டினேன். அவர் உட்காரவில்லை.

என் பதிவேட்டுப் பக்கத்தின் பிரதியோடு முகாமுக்கு ஆட்கள் வந்தார்களாம். அட்டை இல்லாதவர்கள் இன்னும் எத்தனை பேர் இங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று கொட்டில் கொட்டிலாகக் கேட்டார்களாம். பிறகு, அட்டையே இல்லாத பெண்ணின் புருஷனுக்குக் கடலுக்குப் போக யார் பாஸ் கொடுத்தது என்று கேட்டு, விசாரணை முடியும்வரை அதைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். பெயரும் கொட்டிலும் துறையும் தேட அவர்களுக்குக் கஷ்டமிருக்கவில்லை. நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேனே. பிறந்ததிலிருந்து கடலை விட்டு வேறு தொழில் தெரியாத மனுசன் யாரோ ஒருவருடைய வெங்காயத் தோட்டத்தில் குந்தியிருந்து புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

“ஒரு துண்டு எழுதித் தாங்க மகள்” என்றார் அந்தப் பெண். “அப்பிடி ஒரு பொம்புளைக்கு நான் பல்லுப் புடுங்கல்ல, கொப்பியில பிழையா எழுதிட்டன் எண்டு. அது போதுமாம். புள்ளைகள்ட வாப்பாக்கு பாஸைத் திருப்பித் தருவாங்களாம்.”

“அப்பிடி எழுத ஏலாது. என்ட பதிவேடே பொய் எண்டு ஆகிடும்.”

“என்ட வாயத் தொறந்து ஆரு பாக்கப் போறாங்க?”

அவருக்கு விளங்கப்படுத்தினேன். அந்தப் பக்கம் பொய் என்று நானே எழுதிக் கொடுத்தால் பெட்டிசம் பொய்யாகும், சுற்றுநிருபத்தைத் திரும்ப எடுத்துவிடுவார்கள், பல் வைத்தியராக என் பதிவும் போகலாம், இந்தக் கரையில் உள்ள எல்லோரும் மறுபடி ஊசி இல்லாமல் கஷ்டப்படுவார்கள். எல்லோருக்காகவும்தான் என்று சொன்னேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆத்திரம். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், அவருடைய புருஷன் நல்ல மனிதர் என்று ஒரு கடிதம் எழுதி என் முத்திரையைக் குத்திக் கொடுத்தேன். ஒரு பல் வைத்தியர் சொல்லி யார் பாஸ் கொடுப்பான்? அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதை இரண்டாக மடித்து வாங்கிக்கொண்டார்.

வெறுங்கையோடு அனுப்பிய குற்ற உணர்ச்சியோ என்னவோ, வேறு பல் ஏதும் வலித்தால் வாங்கோ, இனி அட்டை தேவையில்லை, ஊசி போட்டே பிடுங்கலாம் என்றேன். உண்மையாகவே என் வாயால் இதைச் சொன்னேன்.

அவர் வாசல்வரை போய்த் திரும்பினார். குரலில் கோபம் இல்லை.

“அண்டைக்கு நீங்க புடுங்கக்குள்ள நான் ஒரு சத்தம் போடல்ல மகள். வெளியில ஆக்கள் இருந்தாங்க. உங்களுக்கு மரியாதைக் கேடாப் போகும் எண்டுதான் கதிரைக் கையை இறுக்கிப் புடிச்சிட்டு இருந்தன்.”

பெட்டிசத்தில் நான், அந்தப் பெண் வீதிவரை கேட்கும்படி அலறித் துடித்தார் என்று எழுதியிருந்தேன்.