சிமுலேட்டருக்குக் கம்பளி போர்த்திய வாரம்

சிமுலேட்டருக்கு சி என்ற கணினி மொழியில் வால் ஒட்டுவது எப்படி என்று பொறியியலாளர்களுக்குக் கற்றுக்கொடுப்பது என் தொழில். என்ன தொழில் என்று கேட்டவர்கள், நான் பாதி விளக்குவதற்குள் "அப்ப சரிங்க" என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். யாருக்காவது எதையாவது படிப்பித்துத் தொண்டை கட்டிப்போனவர் என்றால் நீங்களும் என் கட்சிதான். மேலே வாசியுங்கள்.

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ இருக்கும். கொழும்பு அலுவலகத்தில் வகுப்பு வைத்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒருவரை யாராவது எழுப்பிக்கொண்டு போகிறார்கள் என்று, எங்கள் மனேஜர் மலையகத்தில் லிந்துலைக்குப் பக்கத்தில் தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களா ஒன்றை ஒரு வாரத்துக்கு எடுத்தார். ஆறு பொறியியலாளர்கள், ஆறு கணினிகள், ஒரு வேன். நான் பிறந்த, தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் அங்கிருந்து இரண்டு மலை தள்ளி. "உங்க ஊருதானே, குளிரைப் பத்தி நீங்க முறைப்பாடு பண்ண மாட்டீங்க" என்றார் மனேஜர்.

சின்னம்மாவின் கேள்வி

போன அன்றே சின்னம்மாவைப் பார்க்கப் போனேன். கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறவர். இத்தனை பேர் வேனில் வந்து என்ன செய்கிறோம் என்று கேட்டார். "ஒரு சிப்பைச் செய்யிறதுக்கு முன்னாடி, அது எப்படி ஓடும்னு கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாப்பாங்க சின்னம்மா. அப்படி ஓட்டிப் பாக்கிறதுதான் சிமுலேட்டர். அதுக்குத் தெரியாத வேலையை நாங்க எழுதிச் சேர்த்துவிடுவோம். அதை எப்படிச் சேர்க்கிறதுன்னு நான் சொல்லிக்கொடுக்கிறேன்" என்றேன்.

அவர் தேத்தண்ணியை என் கையில் கொடுத்துவிட்டு யோசித்தார்.

"அப்ப இன்னும் செய்யாத சாமானைப் பாக்கவா ராசா இவ்வளவு பேரும் கொழும்புல இருந்து வந்திருக்கீங்க?"

பெயர் கொடுக்காத டிலானி

நாம் சி மொழியில் எழுதும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை ஒரு பட்டியலில் பதிய வேண்டும். பதியாவிட்டால் சிமுலேட்டர் "அப்படி யாரும் இல்லை" என்று சொல்லிவிடும். கம்பஹாவிலிருந்து வந்த டிலானி மிக அழகாக எழுதியிருந்தார். பட்டியலில் மட்டும் பெயரைப் போடவில்லை. நான் ஆங்கிலத்தில் விளக்கினேன், எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன், பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கினேன். "எழுதின ஃபைல் அங்கேயே இருக்கே, அதுக்குக் கண் இல்லையா?" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார்.

பிளேன்டீ கொண்டுவந்த பங்களா சமையல்காரர் முத்தையா அண்ணன், சண்டை என்னவென்று என்னிடம் விசாரித்தார். சொன்னேன். தட்டை வைத்துவிட்டு, என்னைவிட நல்ல சிங்களத்தில் டிலானிக்கு ஏதோ சொன்னார். டிலானி சிரித்துக்கொண்டே பட்டியலைத் திறந்தார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"தோட்டத்துல காலையில பேர் கொடுக்காம பெரட்டுக்களத்துல போயி நின்னா, வேலை பிரிக்கிற கண்டாக்கு எப்படிங்க வேலை கொடுப்பாருன்னு கேட்டேன், அவ்வளவுதான்."

கம்பளி

அக்குறணை ரிஸ்வியின் சிமுலேட்டர் ஓட ஆரம்பித்த உடனே கிறாஷ் ஆகி விழுந்தது. நம்முடைய சி நிரலும் சிமுலேட்டரும் ஒரே கூரையின் கீழ் ஓடுகிறவை. நாம் கணினி நினைவகத்தில் தப்பான முகவரியில் கைவைத்தால் அதுவும் சேர்ந்து விழும். இதை நான் முதல் நாளே சொல்லியிருந்தேன். ரிஸ்விக்கு வேறு கொள்கை: கொழும்பு வெக்கைக்குப் பழகிய மெஷினுக்கு இந்தக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. மற்ற ஐந்தும் நன்றாகத்தானே ஓடுகின்றன என்றால், "அதெல்லாம் அடுப்புப் பக்கம் இருக்கு சேர்" என்றான்.

அடுத்த நாள் காலை வகுப்புக்குள் வந்தால், அவன் கணினி கழுத்துவரை சாம்பல் நிறக் கம்பளி போர்த்தியபடி உட்கார்ந்திருந்தது. அவன் ஓட்டினான். விழுந்தது. கம்பளியை இன்னும் இறுக்கிவிட்டு ஓட்டினான். விழுந்தது. கம்பளியை உருவி மடித்து வைத்தான்.

"இனி என்ட கோடைத்தான் பார்க்க வேண்டி வரும் போல, சேர்."

கரண்ட் இல்லாத பகல்

நான்காம் நாள் காற்றில் மரம் விழுந்து கரண்ட் போய்விட்டது. ஐந்து பேர் தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையைப் பார்க்கப் போனார்கள். சிவபாலன் மட்டும் போகவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர், வேலைக்கு வந்து மூன்று மாதம், இன்னும் நிரந்தரமாகவில்லை. என் அறிக்கையைப் பார்த்துத்தான் வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவு செய்வார்கள். மூன்று நாளும் அவர் வாய் திறக்கவில்லை. விரல் ஒவ்வொன்றாகத் தேடித் தட்டினார். "கவனம் போதாது" என்று முந்தின நாளே எழுதி வைத்திருந்தேன்.

ஜன்னலோரம் இருந்து நான் கொடுத்த போட்டோக்கொப்பிக் குறிப்புகளை வாசித்தவர், எழும்பி என்னிடம் வந்தார்.

"சேர், நான் விளங்காமத்தான் கேக்கிறன், குறை நினையாதேங்கோ. இதில கம்பியின்ட பெறுமதியை முழு எண்ணா வாங்கிறம். கம்பியில எக்ஸ் இருந்தா என்ன வரும்?"

எக்ஸ் என்றால் 'தெரியாது'. சிப்புக்குள் ஓடும் ஒரு கம்பியில் இருப்பது ஒன்றா பூச்சியமா என்று சொல்ல முடியாத இடத்தில் சிமுலேட்டர் அதைப் போடும். முழு எண்ணாகக் கேட்டால் அது பூச்சியமாக வந்துவிடும். "பூச்சியம்" என்றேன்.

"அப்ப அந்த இடத்தில சரியான விடையும் பூச்சியமெண்டா, எல்லாம் சரியெண்டெல்லோ இது சொல்லும்?"

குறிப்பிலிருந்த அந்த உதாரண நிரல் நானே எழுதியது. இரண்டு வருடமாக அலுவலகத்தில் எல்லோரும் அதைத்தான் பிரதி எடுத்துப் போட்டிருந்தார்கள். அடுத்த திங்கள் தொழிற்சாலைக்குப் போகவிருந்த சிப்பையும் அதுதான் பரிசோதித்து 'சரி' என்று சொல்லியிருந்தது.

பின்னேரம் கரண்ட் வந்ததும் திருத்தி ஓட்டினோம். மூன்று இடத்தில் எக்ஸ். அந்தச் சிப்பை ஆரம்ப நிலைக்குத் திருப்பும் ரீசெட் கம்பியை ஓரிடத்தில் இணைக்கவே இல்லை. பங்களா ஃபோனில் மனேஜரை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். யார் எழுதியது என்றார், நான் என்றேன். யார் பிடித்தது என்றார், சொன்னேன்.

"அப்போ நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் இடம் மாறி உக்காருங்க."

அக்காவின் கொப்பி

இடம் மாறினோம். சிவபாலன் ஒரு மணி நேரம் நடத்தினார், மெல்லிய குரலில், ஒரு தடுமாற்றமும் இல்லாமல். நான் முதல் வரிசையில் குறிப்பெடுத்தேன். அறிக்கையை அதற்கு முன்பே கிழித்துவிட்டு வேறு எழுதியிருந்தேன்.

திரும்பி வரும்போது வேனில் பக்கத்தில் இருந்த சிவபாலனிடம், கணினி இல்லாமல் பிழை பிடிக்க எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். போர் நடந்த தொண்ணூறுகளில் தங்கள் பக்கம் கரண்டே இல்லை, ஒரு சி புத்தகம் மட்டும் இருந்தது என்றார். அவர் கடதாசியில் எழுதுவாராம். வரிவரியாக வாசிக்க, அவருடைய அக்கா கொப்பியில் பெறுமதிகளை மாற்றி மாற்றி எழுதுவாராம்.

"அக்காதான் கொம்பியூட்டர், சேர். நான் பிழை விட்டா கொப்பியை மூடி எறிஞ்சுபோட்டு எழும்பிப் போயிடுவா. எனக்குத் தெரிஞ்ச முதல் கிறாஷ் அதுதான்."

இத்தனை வருடம் படிப்பித்ததில் நான் திடமாகக் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: வகுப்பில் பேசாமல் இருப்பவர் தூங்குகிறார் என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது, சில வேளை அவர் நம் குறிப்புகளை உண்மையாகவே வாசித்துக்கொண்டிருப்பார்.