கூண்டுக்குள் ஒரு சாண்

கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்து வைப்பது ஊர் வழக்கம். பழவேற்காட்டில் எங்கள் வீட்டில் மட்டும் அதற்கு நேரம் காலம் உண்டு. நைனா ஏரிக்குப் படகெடுத்துப் போயிருந்தால் ஒரு டம்ளர்கூடத் தலைகீழாக இருக்கக் கூடாது. கவிழ்வது என்ற சொல்லையே அம்மா வாயில் எடுக்க மாட்டாள். கல்யாணமாகிக் கும்மிடிப்பூண்டிக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. இரும்புப் பட்டறையில் வெல்டராக இருந்த என் வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பியதும் பானை சட்டி எல்லாம் நிமிர்ந்துவிடும். அவர் திரும்பி வந்த பிறகுதான் கவிழும். "இந்த ஊட்ல மட்டும் சட்டியில ஈரம் காயவே காயாது" என்று கிண்டல் செய்வார்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷனுக்குக் கார் பந்தயப் பைத்தியம். எழுபதுகளின் நடுப்பகுதி அது. சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் வருடத்துக்கு ஒரு தடவை பந்தயம் நடக்கும். கல்யாணமான வருடம் என்னையும் கூட்டிப் போனார். காது செவிடாகிற சத்தம், வாயெல்லாம் புழுதி. நான் வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தபோது ஒரு கார் வளைவில் வழுக்கி, உருண்டு, கூரை தரையில் பட நின்றது. நான் போட்ட கூச்சலில் கடலைப் பொட்டலம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஆனால் அதை ஓட்டியவன் ஜன்னல் வழியாக ஊர்ந்து வெளியே வந்தான், சட்டையைத் தட்டிக்கொண்டான், யாரிடமோ தீப்பெட்டி கேட்டான்.

"உள்ள பைப்புல கூண்டு கட்டிக்கிறான் பாரு. அதான் ஆளு தப்பிச்சான்" என்றார் இவர்.

அடுத்த மாதமே ஒரு பழைய கார் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. பொன்னேரி ரைஸ் மில்காரர் புளிய மரத்தில் மோதி, எடைக்குப் போடவிருந்த வண்டி. மரக்கிளை விழுந்து கூரையில் ஒரு அண்டா உட்காரும் அளவுக்குப் பள்ளம். அடுத்த வருடம் இதில்தான் ஓட்டப் போகிறேன் என்றார். வேண்டாம் என்றால் கேட்கிற மனுஷனில்லை.

"அந்த ஆளு வச்சிருந்த மாதிரி கூண்டு கட்டு. கட்டாம வண்டிய எடுத்தியோ, நான் பழவேற்காட்டுக்குப் போய்க்கினே இருப்பேன்" என்றேன்.

பட்டறையில் வெட்டி ஒதுக்கிய குழாய்களை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்தார். பக்கத்து வீட்டு அண்ணன் அதே பட்டறையில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் வேட்டியை மாற்றி லுங்கி கட்டிக்கொண்டு வந்துவிடுவார். குழாயை அப்படியே வளைத்தால் நசுங்கிவிடும். அதனால் உள்ளே மணலைக் கெட்டித்து, இரண்டு முனையிலும் மரக்கட்டை அடித்து, கரி நெருப்பில் சிவக்கக் காய்ச்சி வளைக்க வேண்டும். ஆரணியாற்று மணலை அள்ளி வந்து அப்படியே போட்டார்கள் இரண்டு மேதாவிகளும். மணலில் ஈரம் இருந்திருக்கிறது. சூடு ஏறியதும் ஆவி முட்டிக் கட்டை பீரங்கிக் குண்டு போலப் பறந்து அண்ணன் வீட்டு முருங்கை மரத்தை முறித்தது. நல்லவேளை, மரத்தோடு போயிற்று.

"ஈர மணல்ல கடலை வறுபடுமா? இது கூடவா தெரியாது?" என்று திட்டிவிட்டு, அதிரசம் சுடுகிற பெரிய வாணலியை அடுப்பில் ஏற்றினேன். அதன்பின் அந்தக் கூண்டுக்குப் போன மணல் முழுவதும் நான் வறுத்த மணல்தான். தீபாவளி அதிரசத்தில் மணல் நறநறத்தது வேறு கதை.

குழாய்களைக் காருக்குள் பொருத்தும்போது, ஓட்டுகிறவர் தலைக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்க சீட்டில் ஒரு ஆள் வேண்டும். இவர் கையில் வெல்டிங் ராடு, அண்ணன் குழாயின் மறுமுனையில். எனவே நான் உட்கார்ந்தேன். சாயங்காலமெல்லாம் கீரையை ஆய்ந்துகொண்டு ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். கூரைக்கும் குழாய்க்கும் நடுவே ராடு நுழைந்தால்தான் சுற்றிலும் பற்ற வைக்க முடியும் என்று மேல்குழாயைக் கொஞ்சம் இறக்கினார். என் உச்சந்தலையில் கட்டைவிரலை ஊன்றிச் சுண்டுவிரலைக் குழாய்வரை நீட்டினார். "ஒரு சாண் கீது. தாராளம்" என்றார். அந்தக் கை தலைமேல் இருந்த நேரம் எனக்குப் பிடித்திருந்தது. அதை அவரிடம் சொன்னதில்லை.

பந்தயத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது கூண்டு முடிந்தது. பட்டாளத்துப் பழைய சாமானில் கிடைத்த பெல்ட்டையும் மாட்டினார்கள். இவர் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு கம்பீரமாக உள்ளே ஏறி உட்கார்ந்தார். டங் என்று ஒரு சத்தம். தலை நிமிரவில்லை. கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து, குருவிக் கூட்டில் மாட்டின கொக்கு மாதிரி இருந்தார்.

இவர் என்னைவிட ஒரு சாண் உயரம். மூன்று பேருக்கும் அது தோன்றவில்லை.

"இன்னாப்பா, தங்கச்சிக்கா கூண்டு கட்டின?" என்று அண்ணன் தரையில் உட்கார்ந்து சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. "பரவால்ல, குனிஞ்சிக்கினே ஓட்றேன்" என்றார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. வண்டி உருண்டால் முதலில் முறிவது அந்தக் குனிந்த கழுத்துதானே. ஹெல்மெட்டைப் பிடுங்கிக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டேன். அது மூழ்காமல் மிதந்தது. அவர் எட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாளியை இறக்கி எடுத்தார். அந்த வருடம் பந்தயத்துக்குப் போகவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவுமில்லை.

அப்புறம் அவரே சமாதானத்துக்கு வந்தார். "உன் அளவுக்குத்தான கீது. நீயே ஓட்டக் கத்துக்கோ."

வயல்களுக்கு நடுவே மண் பாதை. பக்கத்து சீட்டை எப்போதோ கழற்றியாயிற்று. அதனால் வரப்பில் கூடவே ஓடிவந்து, "கிளச்சு, கிளச்சு" என்று கத்துவார். மூன்றாவது ஞாயிறு வண்டி என் சொல் கேட்டது. அவரைப் பின்னால் விட்டுவிட்டுப் போனேன். முகத்தில் காற்று அடித்தது. எனக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது. பாதை வாய்க்காலை ஒட்டித் திரும்பும் இடத்தில் நான் திரும்பவில்லை.

கரை சரிந்து வண்டி புதிதாக நட்டிருந்த நவரை நெல் வயலுக்குள் மெதுவாகப் புரண்டது. கூரை கீழே, சக்கரம் மேலே. நான் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தேன். பின்னல் மட்டும் சேற்றுத் தண்ணீரில் நனைந்தது. தலைக்கும் குழாய்க்கும் நடுவே அந்த ஒரு சாண் அப்படியே இருந்தது.

சேற்றில் யாரோ விழுந்து எழுந்து ஓடிவரும் சத்தம் கேட்டது. ஜன்னலில் அவர் முகம் தெரிந்தது. என்னை இழுத்து வெளியே போட்டு, கை கால், தலை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு நாற்றின் நடுவே உட்கார்ந்து ஓவென்று அழுதார்.

"நான் வண்டின்னு பேச்சு எடுத்ததுலருந்து நீ இப்பிடித்தான் இருந்தியா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் சேற்றுக் காலோடு நேரே சமையலறைக்குள் போனார். அன்று அவர் வேலைக்குப் போகவில்லையே என்று காலையில் பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்திருந்தேன். நான் கிளம்பியது என் கணக்கில் வரவில்லை. அவர் ஒவ்வொரு சட்டியாக, டம்ளர் டம்ளராக எடுத்து நிமிர்த்தி வைத்தார். வண்டியை விற்றுவிடலாம் என்றார்.

"விக்க வாணாம். கூரையோட கூண்ட அறுத்துட்டு உன் அளவுக்குக் கட்டு."

"இன்னாத்துக்கு?"

"ஓட்டினப்ப எனக்கு நல்லா இருந்துச்சி."

அடுத்த ஞாயிறு வாணலியை ஏற்றி மணல் வறுத்தேன். இந்த முறை சீட்டில் ஹெல்மெட்டோடு அவர் உட்கார்ந்தார். வெளியிலிருந்து கையை நீட்டி, ஹெல்மெட்டின் உச்சியில் கட்டைவிரலை ஊன்றிக் குழாய்வரை அளந்தேன். ஒரு சாண் இருந்தது. என் சாண் சின்னது. இன்னொரு சாண் ஏற்றச் சொன்னேன்.