உளித்தலையில் வைத்த சுண்ணாம்பு

அந்த நாட்களை நினைத்தால் முதலில் எனக்கு வருவது வெளிச்சம்தான். மஞ்சளாய், கொழுப்பு நாற்றத்தோடு, ஆடிக்கொண்டே வரும் வெளிச்சம். தங்கச் சுரங்கம் என்றால் உள்ளே எல்லாம் தகதகவென்று மின்னும் என்று ஊரில் இருக்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நான் பார்த்ததெல்லாம் கறுத்த பாறையும், அதில் களிமண் அப்பி ஒட்டவைத்த மெழுகுவத்தியும்தான். அந்த வத்தியைச் சுற்றி ஒரு முழத்துக்கு உலகம் இருக்கும். அதற்கப்பால் இருக்காது.

வட ஆற்காட்டிலிருந்து என்னைக் கூட்டி வந்தவர் என் மனைவியின் தாய்மாமன். அவர் மேஸ்திரி. பங்காருபேட்டையில் ரயிலை விட்டு இறங்கியதிலிருந்து, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி முதல் தடவையாகப் பூமிக்குள் போனது வரைக்கும் என் தோளைப் பிடித்துக்கொண்டே இருந்தார். வேலை அவர் கொடுத்தது. சுரங்கத்து ஆட்களுக்கென்று வரிசையாகக் கட்டின லைனில் எங்களுக்கு இருந்த மூங்கில்தட்டி வீடும் அவர் சொல்லிக் கிடைத்தது. ஆகவே அவர் எதிரே நான் வாய் திறப்பதில்லை. என் சுபாவம் அப்படியொன்றும் அடக்கமானதல்ல. வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு உளி பிடிப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

உளி பிடிப்பதுதான் என் வேலை. வெடி வைக்கப் பாறையில் துளை போட இரண்டு பேர் வேண்டும். ஒருவன் நீள உளியைப் பிடித்து, ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கவேண்டும். மற்றவன் அதன் தலையில் சம்மட்டியால் அடிக்கவேண்டும். என் ஜோடிக்காரர் என்னைவிட மூத்தவர், ஆம்பூர்ப் பக்கம். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் அடி ஒரே சீராக விழும். அந்தச் சத்தத்தில் எனக்குக் கண் சொக்கும். பாறைக்குள்ளே எங்கோ ஓர் ஆறு ஓடுவதுபோலவும், அதன்மேல் நான் மல்லாந்து மிதந்துபோவதுபோலவும் இருக்கும். கை மட்டும் தன்பாட்டுக்கு உளியைத் திருப்பிக்கொண்டிருக்கும். சம்மட்டி விழும் இடத்துக்கு ஒரு சாண் கீழே என் விரல்கள். அப்படியும் நான் கனவு கண்டேன் என்றால், அந்த மனிதர்மேல் எனக்கு இருந்த நம்பிக்கை அப்படி.

அண்ணனிடம் ஒரு வழக்கம் இருந்தது. வேலை தொடங்குமுன் வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பு எடுத்து உளியின் தலையில் தடவச் சொல்வார். அடியில் அது உதிர்ந்துபோனால் மறுபடி தடவவேண்டும். ஆயுத பூஜைக்குக் கருவிகளுக்குப் பொட்டு வைப்பதுபோல இதுவும் ஒரு பக்தி என்று நினைத்து, நானும் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுத் தடவுவேன். எங்கள் ஜோடிக்கு ஒருநாளும் கை நசுங்கவில்லை என்று பார்த்து, பூமிக்குள் அதே ஆழத்தில், அந்த லெவலில் இருந்த மற்ற ஜோடிகளும் சுண்ணாம்பு வைக்க ஆரம்பித்தார்கள். வேதக்கோயிலுக்குப் போகிறவர்கள்கூட வைத்தார்கள், சிலுவைபோல ஒரு கோடு இழுத்து. அண்ணன் எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டு வெற்றிலையை மென்றுகொண்டிருப்பார்.

அப்புறம் புதிய துரை வந்தார். அதுவரைக்கும் ஆளுக்கு ஒரு வத்தி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மிஞ்சின துண்டை வீட்டுக்குக் கொண்டுபோவோம்; லைன் வீடுகளில் ராத்திரி எரிந்ததெல்லாம் அந்தத் துண்டுகள்தான். என் மனைவி நிறைமாசமாக இருந்தாள். பிரசவத்துக்கு வெளிச்சம் வேண்டுமே என்று துண்டுகளை ஒரு தகர டப்பாவில் சேர்த்து வைத்திருந்தாள். புதிய துரை, ஜோடிக்கு ஒரு வத்தி போதும் என்று சொல்லிவிட்டார். அதோடு, துளை முழு ஆழம் போகாவிட்டால் அன்றைய ஷிப்டே கூலிக் கணக்கில் வராது என்றும் உத்தரவு.

அந்தக் கோபம் பக்கத்து ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் பேச்சாக ஆரம்பித்தது, பிறகு பூமிக்குள்ளே சங்கமாக வந்து நின்றது. எழுதிச் சேர்வதற்கு எங்களில் எழுதத் தெரிந்தவர் யார்? சுரங்கத்துக்குள்ளே, கேஜுக்குக் காத்து நிற்கும் இடத்தில் ஒரு மண்சட்டி வைத்தார்கள். சேருகிறவன் தன் வத்தித்துண்டை அதில் போடவேண்டும். இருட்டில் மாட்டிக்கொண்ட ஜோடி எதுவானாலும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். சட்டி நிரம்பின மறுநாள், ஆளுக்கு ஒரு வத்தி கிடைக்கிறவரை யாரும் கீழே இறங்குவதில்லை என்று பேச்சு.

மாமா அந்தச் சட்டியைக் காலால் தள்ளவில்லை. என்னைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னார்.

"தோ பாரு மாப்ள, அதுல வத்தி போடறவன் எவனா இருந்தாலும் லைன் வூட்டக் காலி பண்ணிகினு போவணும். எங்க அக்கா பொண்ணு மாசமா கீறா. யோசன பண்ணிக்க."

பயந்துபோனேன். மழை வேறு பிடித்திருந்தது. நிறைமாசக்காரியை எந்த மரத்தடியில் உட்காரவைப்பேன்? சட்டியைப் பார்க்காமல் கேஜில் ஏறினேன். மறுநாளும் அப்படியே ஏறினேன்.

அதற்கடுத்த நாள், துளை முக்காலும் போயிருந்தபோது எங்கள் வத்தி அணைந்தது. நான் வாய் திறப்பதற்குள் அடி விழுந்தது. மேலும் ஓர் அடி விழுந்தது. இரண்டும் நேராக உளியின் தலையில்.

"ணா, நிறுத்துணா! வத்தி அணைஞ்சி போச்சி, தெர்லியா?"

சம்மட்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"தெர்லபா," என்றார் கடைசியில். "எனக்கு மாலைக்கண்ணு. மேல வெய்யில்ல எல்லாம் நல்லா தெரியும். இங்க, ரெண்டு வத்தி எரிஞ்சப்ப அந்தச் சுண்ணாம்பு வெள்ள மட்டும் தெரியும். அத்த பாத்து அடிப்பேன். ஒரு வத்தி ஆனதுலேர்ந்து அதுவும் தெர்ல. நீ மூச்சு வுடற எடத்த வச்சித்தான் அடிச்சிகினு கீறேன்."

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா என்ன ஊருக்குத் தொரத்திடுவாங்க. சரி, சங்கத்துக்கு வாடான்னு உன்ன கூப்புடலாம்னா, மேஸ்திரி உங்க மாமன். எப்படிக் கூப்புடறது?"

அந்த இருட்டில் என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் இருந்தன. அந்த மனிதரை ஓங்கி அறையவேண்டும்போல இருந்தது. அதே நேரத்தில் கட்டிக்கொண்டு அழவேண்டும்போலவும் இருந்தது. நான் ஆற்றில் மிதந்துகொண்டிருந்த நேரமெல்லாம் அவர் என் மூச்சைக் காதால் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டையும் செய்யவில்லை. சங்கத்துச் சட்டியிலிருந்து வத்தி எடுத்துவர எனக்கு முகமில்லை; இருட்டிலேயே உட்கார்ந்திருந்தோம். அன்றைய ஷிப்ட் கணக்கில் வரவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாமா சொன்னதையும் சொன்னேன். அவள் அடுப்படியில் உட்கார்ந்து, என் வலது கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாயா யோசன? வூடு போனா வேற வூடு. கை போச்சின்னா இந்தக் கொழந்தய எத்த வச்சித் தூக்குவ?"

தகர டப்பாவைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

"அப்ப பிரசவத்துக்கு?"

"பொறக்கறது பகல்ல பொறக்கட்டும்," என்றாள், ஏதோ குழந்தைக்குக் கட்டளை போடுவதுபோல.

மறுநாள் கீழே கேஜடியில் எல்லோரும் பார்க்க, மாமாவும் பார்க்க, டப்பாவைச் சட்டியில் கவிழ்த்தேன். சட்டி நிரம்பி மேலே வழிந்தது. அண்ணனுக்கு அது தெரிந்திருக்காது; சத்தம் கேட்டிருக்கும். என் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டார். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று ஷிப்ட் முடிந்ததும் சட்டியையும் மேலே தூக்கி வந்துவிட்டார்கள்.

அடுத்த நாள் யாரும் இறங்கவில்லை. ஷாப்டுக்கு, அந்தச் சுரங்கக் குழிக்கு, மேலே இருந்து கேஜை ஏற்றி இறக்கும் பெரிய சக்கரம் நின்றுபோயிருந்ததை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். சத்தமில்லாத அந்த இடம் யாரோ கண்ட கனவுக்குள் நாங்கள் எல்லோரும் வந்து நிற்பதுபோல இருந்தது. ஆட்டுக்குட்டிகள் கத்துவது கேட்டது. அவை அங்கே இருந்ததே எனக்கு அதுவரை தெரியாது.

குழந்தை அம்மாவின் கட்டளையைக் கேட்கவில்லை. அன்று பொழுது சாய்ந்த பிறகுதான் வலி எடுத்தது. வீட்டில் ஒரு துண்டு வத்திகூட இல்லை. அடுப்பு வெளிச்சத்தில் மருத்துவச்சி என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். அப்போது வெளியே தட்டியைத் தடவும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். அண்ணன், ஒரு கையால் வீடுவீடாகத் தட்டிகளைத் தடவிக்கொண்டே லைன் முழுக்க நடந்து வந்திருக்கிறார். மற்றக் கையில் இடுப்போடு அணைத்தபடி அந்தச் சட்டி.

"சங்கத்துல எல்லாரும் குடுக்கச் சொல்லிட்டாங்க. கொளுத்துபா," என்றார்.

கொளுத்தினேன். அத்தனை வெளிச்சத்தை எங்கள் வீடு அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. பெண் குழந்தை.

சக்கரம் சில நாள் கழித்துத் திரும்பச் சுற்றியது. ஆளுக்கு ஒரு வத்தியும் திரும்ப வந்தது. மாமா எங்களை வெளியேற்றவில்லை, ஆனால் என்னோடு பேசுவதை வெகுகாலம் நிறுத்திவைத்தார். அதெல்லாம் பிறகு. அன்று வத்திகள் குட்டையாகி ஒவ்வொன்றாக அணைந்து, ஒன்றோ இரண்டோ மிஞ்சியிருந்தபோது, அண்ணன் வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். குழந்தையைக் கொண்டுபோய் அவர் எதிரே பிடித்தேன். அவர் பார்வை குழந்தைக்குப் பக்கத்தில் எங்கோ போய் நின்றது. சிரித்துச் சமாளித்தார்.

உள்ளே படுத்திருந்த என் மனைவி அதைக் கவனித்துவிட்டாள்.

"மாடத்துல துண்ணூறு கீது, எடுத்து வையேன்யா," என்றாள்.

ஒரு விரல் நிறையத் திருநீறு எடுத்து, குழந்தையின் நெற்றி முழுக்க வெள்ளையாகப் பூசினேன். அண்ணன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்சநேரம் பார்த்தார்.

"ஆங். இப்ப தெரியுதுபா," என்றார்.