அன்னம்மா மிசி கேட்ட ஒரு மணித்தியாலம்

மீன் வாங்க நின்ற இடத்தில்தான் செய்தி வந்தது. "அண்ணை, எங்கடை அன்னம்மா மிசி விடியப்புறம் செத்துப்போயிட்டா," என்றாள் குருநகரிலிருந்து அச்சுவேலிக்கு மீன் கொண்டுவரும் பெண். வாங்கிய மீனை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

செத்தவீட்டில், மிசி தாதியாக இருந்த ஆஸ்பத்திரியில் எங்களோடு வேலை செய்த உங்களில் பலரைக் கண்டேன். பெரிய டொக்டர் பூவளையம் அனுப்பியிருந்தார். "தங்கமான மனுசி" என்று அதைச் சுற்றி நின்று கதைத்தீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். நான் எழுத்துப் படித்து இரண்டு வருடம் ஆகவில்லை. 'ழ' சரியாக வளைந்து வந்துவிட்டால் இந்த வயதிலும் சிரிப்பு வருகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் உலகச் சண்டை முடிந்த பின் தசைகளைத் தளர்த்தும் ஊசி எங்கள் ஒப்பரேசன் தியேட்டருக்கு வந்தது. வயிற்றை அறுக்க அது வசதி. ஆனால் தைத்து முடித்ததும் அதன் வேலையை முறிக்க வேண்டும். இல்லாவிட்டால் மூச்சுவிடும் தசையும் சோர்ந்தே கிடக்கும். முறிக்க இரண்டு மருந்துகள் இருந்தன. ஒன்று பழைய எசரின். மற்றது புதிதாக வந்த நியோஸ்டிக்மின். புதியது காசு கட்டும் வாட்டுக்காரருக்கு மட்டும்.

மயக்கம் கொடுத்தவர் மிசி. கட்டில் தள்ளியவன் நான். முறிமருந்து போட்டதும், தசைக்குப் பலம் திரும்பிவிட்டதா என்று பார்க்க, நோயாளியைத் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, தான் ஒரு சின்னச் செபம் சொல்லி முடிக்கும்வரை பிடித்திருக்கச் சொல்லுவார். நல்லூர்க் கிழவர் ஒருவர் கேட்டார்: "என்ன மிசி, என்னைக் கிறிஸ்து வேதத்திலை சேர்க்கப் பாக்கிறியளோ?"

"முதல்லை தலையைத் தூக்குங்கோ அப்பு. பிறகு உங்கடை முருகனிட்டையே போங்கோ."

அவர் சிரிக்க, தலை விழுந்துவிட்டது. "உது சரிவராது, திரும்பத் தூக்குங்கோ," என்றார் மிசி.

அதோடு அவர் விடமாட்டார். ஒரு மணித்தியாலம் கழித்து வாட்டுக்குப் போய் மறுபடியும் தூக்கச் சொல்லுவார். வேறு யாரும் இரண்டாம் முறை பார்த்ததில்லை. நியோஸ்டிக்மின் போட்டவர்களின் தலை அப்போதும் நின்றது. எசரின் போட்டவர்களில் சிலருக்குத் தலை கிளம்பவே இல்லை. "அண்ணை, எசரின் விருந்தாளி. வந்த வேகத்திலை போயிடும். தளர்த்தின மருந்து வீட்டுக்காரன், அவன் உள்ளுக்கை இருக்கிறான்," என்றார். இதைப் பெரிய டொக்டரிடமும் சொன்னார்.

"மருந்தைப் பற்றி நான் சீமையிலை படிச்சனான். நீர் உம்மடை செபத்தைப் பாரும்."

பிறகு வள்ளிப்பிள்ளை வந்தாள். புகையிலைத் தோட்டக்காரர் ஒருவரின் மனைவி, மூன்று பிள்ளைகளின் தாய். அவளுக்கு எசரின் போட்டார்கள். தலையைத் தூக்கினாள்.

"வாட்டுக்குக் கொண்டுபோ," என்றார் டொக்டர்.

"ஐயா, ஒரு மணித்தியாலம் இஞ்சை கிடக்கட்டும். நான் பக்கத்திலை நிக்கிறன்."

"அடுத்த ஆள் வெளியிலை காத்துக்கொண்டு நிக்குது."

"அப்ப மற்ற மருந்திலை கொஞ்சம் தாங்கோ."

"சொன்னதைச் செய்யும், மிசி."

மிசி போய் வாசலை மறித்து நின்றார். "அனுப்பாதேங்கோ, ஐயா."

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் கட்டிலைத் தள்ளினேன். மிசி விலகினார்.

அடுத்த அறுவை முடிந்து மிசி வாட்டுக்கு ஓடிவந்தபோது வள்ளிப்பிள்ளையின் உதடுகள் நீலமாகியிருந்தன. கண் திறந்தபடி இருந்தது. மூச்சு இல்லை.

விசாரணையில் நான் கண்டதை அப்படியே சொன்னேன். கிளாக்கர் எழுதிக்கொண்டார். "எல்லாம் இதிலை இருக்கு, விரலை வை," என்றார். வைத்தேன். மிசிதான் அவளை அனுப்பச் சொன்னார் என்று அதில் எழுதியிருந்தது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. மிசியை வேலையால் நிற்பாட்டினார்கள்.

போகிற அன்று மிசி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "அதை உங்களுக்கு வாசிச்சுக் காட்டினவையோ, அண்ணை?"

"இல்லை, மிசி."

"எனக்குத் தெரியும்," என்றார். ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

அந்தக் கிழமையே அரிச்சுவடி வாங்கினேன். ஆனால் என் கை மெதுவானது. அவர் உயிரோடு இருக்கையில் இதை எழுதி அவர் கையில் கொடுக்க முடியவில்லை.

மிசி மூன்று தரம் மறித்துக் கேட்டதுதான் அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருக்கிறது. அதை இப்போது எழுதிவிட்டேன். அன்று தியேட்டரில் அதைக் கேட்டுக்கொண்டு உங்களில் நான்கு பேர் நின்றீர்கள். உங்களுக்கு அப்போதே எழுதத் தெரியும்.